எர்த் இல்லாத ஹால்

அயனாவரம் சமுதாயக் கூடத்தில் எர்த் கிடையாது.
இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரியும்.
காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம்
எதற்கு பாக்ஸ் வைத்தாலும்
அடியில் ஒரு ‘ம்ம்ம்’ ஓடிக்கொண்டிருக்கும்,
பேச்சு நிற்கிற இடமெல்லாம் தலை நீட்டும்.
குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டிப் பார்த்தேன்.
பிறகு வாடகையில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டு
விட்டுவிட்டேன்.

அந்த ஹாலுக்குத்தான் வந்தார்கள்
லாட்வியாவிலிருந்து பதினோரு பேர்,
மே மாதத்தில், கம்பளிப் பாவாடையோடு.

ஊர்ப் பெயரை மூன்று தடவை சொன்னார்கள்,
மூன்று தடவையும் எனக்கு வேறு வேறாகக் கேட்டது.
எண்ணூறு பேர் இருக்கிற ஊராம்.
ரீகாவில் இன்ஜினியரிங் படிக்கப் போய்
பாதியில் திரும்பிய சேரலாதன்தான்
எங்களுக்கு வாய்.
ஜடைக்காரி தபால் கொடுப்பவள்.
தாடிவைத்த இல்க்வர்ஸ் பால் லாரி ஓட்டுகிறார்.
ஸ்கைத்ரீதே, பள்ளிக்கூடத்தில் சமையல்.
வாரம் இரண்டு ராத்திரி
அந்தப் பள்ளிக்கூட ஜிம்மில் ஒத்திகை,
பனி தள்ளும் வண்டி வராவிட்டால் நடந்தே.

நான் கேட்டது ஒன்றுதான்:
எத்தனை மைக்?

நெஞ்சில் டிபன் தட்டு அகலத்துக்கு வெள்ளி ப்ரூச்.
காலர் மைக்கில் அது இடித்த இடியில்
முதல் வரிசைக் குழந்தை அழுதது.
எபி ஓடிப்போய் மைக்கைத் தோளுக்கு மாற்றி
பிளாஸ்டர் ஒட்டினான்.
மடியில் படுக்கவைத்து வாசிக்கிற கம்பிப் பலகை ஒன்று,
சத்தம் என்று சொன்னால் அதற்கே கூச்சம் வரும்.
கெயினை ஏற்றினேன்.
கூடவே ஏறியது என் ‘ம்ம்ம்’.

இருநூறு நாற்காலி, அறுபது பேர்,
அதில் பாதி ஏசி இருக்குமென்று நம்பி வந்தவர்கள்.
மொசைக் தரையில் தோல் செருப்பு வழுக்க வழுக்க
ஐந்து ஜோடி ஆடினார்கள்.
இல்க்வர்ஸ் மட்டும் தனி.
தனி என்றும் சொல்ல முடியாது.
வலது கையைக் காற்றில் ஒரு தோள் உயரத்துக்கு வைத்து
கைகளாலான வாசலில் நுழையும்போது
இன்னொருத்திக்கும் சேர்த்துக் குனிந்தார்.
பையன்கள் சிரித்தார்கள்.
மனைவி வரவில்லை,
ஒன்பது மாட்டுக்கும் பால் கறக்க ஆள் கிடைக்கவில்லை
என்றான் சேரலாதன், தாமதமாக.

பாட்டுக்கு ஸ்கைத்ரீதே முன்னால் வந்தாள்.
வெட்கமாக இருந்தது எனக்கு, ஃபேடரை இறக்கப் போனேன்.
வேண்டாமென்று ஒரு விரல் காட்டி
பாக்ஸ் பக்கம் காதைச் சாய்த்தாள்.
‘எங்க ஜிம்ல இருக்குற பாக்ஸும் இதே சுருதிதான்’
என்கிறாளாம்.
அங்கேயும் ஐம்பது ஹெர்ட்ஸ்.
அதன்மேல் அவள் ஏறிப் பாட,
மற்றவர்கள் ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தை
மாவு மாதிரி இழுத்து இழுத்துத் தரையில் விரித்தார்கள்.

எட்டு பத்துக்குக் கரண்டு போனது.

ஃபேன் நின்றது. பாக்ஸ் நின்றது.
அது நிற்கவில்லை.
கரண்டு இல்லாத ஹாலில்
கரண்டின் சத்தத்தைப் பதினோரு பேர்
வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.
எபி ஜெனரேட்டர் கயிற்றில் கை வைத்தான்.
‘இழுக்காதடா’ என்றேன்.
தொழிலுக்கு வந்த நாளிலிருந்து
நான் சொல்லாத வார்த்தை.
கொசு கடித்தது, யாரும் தட்டவில்லை.

திரும்ப வந்தபோது
பாக்ஸுக்கும் அவர்களுக்கும் நடுவே
ஒரு மயிரிழை வித்தியாசம்.
வியர்வையில் அவர்கள் கொஞ்சம் இறங்கியிருந்தார்கள்.
இரண்டும் உரசி உரசி
மெதுவாக ஒரு துடிப்பு,
ஹால் மூச்சு விடுகிற மாதிரி.
எத்தனை பேருக்குக் கேட்டதோ.
எனக்குக் கேட்டது.

மறுநாள் அங்கே ஒரு சீமந்தம்.
‘என்னங்க சவுண்டு இப்படி உறுமுது’ என்றார் பெண்ணின் மாமா.
எர்த் இல்லைங்க என்றேன்.
நூறு ரூபாய் கழித்துக்கொண்டார்.
வயர் சுருட்டிக்கொண்டிருந்த எபி நிமிரவில்லை.
வாய் மூடித்தான் இருந்தது,
தொண்டை மட்டும் லேசாக அதிர்ந்தது.